செலினைக் கமர்ஷியல் ஆர்ட் படிக்க அனுப்பலாமா?

1

காரைக்காலிலிருந்து அண்ணன் ஆரோக்கியசாமியின் கடிதம் வந்தது. பிரித்தவுடன் என் கண்ணில் பட்டது அதன் இடதுபக்க ஓரம்தான். அண்ணன் எப்போதும் ஸ்கேல் வைத்ததுபோல ஓரம் விட்டு எழுதுவார். இந்தத் தடவை நான்காவது வரியிலிருந்து ஓரம் உள்ளே சரிந்துகொண்டே போயிருந்தது. கோணலாக இருக்கிறதே என்று நினைத்த பிறகுதான், வீட்டில் எல்லோரும் நலமா என்று படிக்கத் தொடங்கினேன்.

பன்னிரண்டு வருஷமாக எனக்கு இந்த வியாதி இருக்கிறது. பிரான்சின் தென்கரையில் துலோன் என்ற துறைமுக நகரத்தில், ஒரு சிறிய விளம்பரக் கூடத்தில் வேலை செய்கிறேன். அச்சுக்குப் போகும் முன் எழுத்தையும் படத்தையும் வெட்டி, ஒட்டி, இடம் பார்த்து அமைக்க வேண்டும். ஊரில் இதைக் கமர்ஷியல் ஆர்ட் என்பார்கள். இங்கே கிராஃபிஸ்த் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் கபிரியேல் மட்டும் ‘கத்தரிக்கோல் உத்தியோகம்’ என்பார்.

அண்ணன் கேட்டிருந்தது இதுதான். அவர் மகள் செலின் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சென்னை ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கமர்ஷியல் ஆர்ட்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அண்ணனுக்கோ அவளை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க எண்ணம். ‘நீ அந்தத் தொழிலிலேயே இருப்பவள். அதில் உள்ள நல்லது கெட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுது. நீ சரி என்றால் அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். உன் ஒரு சொல்லுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.’

ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் ஒரு சொல்லில் தொங்கவிட்டுவிட்டு, அடுத்த வரியில் இந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்குக் கூட்டம் அதிகம் என்று எழுதியிருந்தார். அண்ணன் அப்படித்தான். மேரியில் குமாஸ்தாவாக இருக்கிறார். நகராட்சி அலுவலகத்துக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வைத்த பிரெஞ்சுப் பெயர் அது, இன்னும் போகவில்லை. இருபது வருஷம் பிறர் மனுக்களைப் படித்தவருக்கு எல்லா விஷயமும் ஒரே உயரத்தில்தான் தெரியும்.

நானும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை. கோட்டைச் சரியாக நடுவில் போடுவதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. பதினாலு வயதாகும் என் மகள் நத்தாலி அண்ணனின் கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பேசினால் பாதி புரியும், படிக்கவே தெரியாது. “மாமா எழுத்து அழகா இருக்கு, உருண்டை உருண்டையா” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. ஓரத்தை மட்டும் பார்த்த நான் அவளை எந்த வாயால் திட்டுவது?

2

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கபிரியேல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் ஊரில் சொல்தா மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. எழுபத்தொன்றில் கல்யாணமாகி, குளிர்காலத்தில் இங்கே வந்து இறங்கினேன்.

முதலில் என்னை வரவேற்றது பிரெஃபெக்துர் என்னும் அரசு அலுவலகம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மதாம் என் குடும்பப் பெயர் கேட்டாள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் நான் ‘மதாம் சவரிமுத்து’. ஒலிபெருக்கியில் அப்படி அழைக்கும்போதெல்லாம் அப்பா எங்கேயோ எழுந்து நிற்பதாகத் தோன்றும். பிறந்த ஊர் எந்த நாட்டில் என்பது அடுத்த வழக்கு. நான் பிறந்தபோது காரைக்கால் பிரான்சில் இருந்தது. கல்யாணத்தின்போது இந்தியாவில் இருந்தது. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதை நிரூபிக்க ஏழு காகிதம் கேட்டார்கள். தொழில் என்ற கட்டத்தில் மட்டும் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ‘இல்லை’ என்று அவளாகவே எழுதிக்கொண்டாள்.

அந்த ‘இல்லை’ எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் வருஷம், எங்கள் தெருமுனையில் ஒரு கண்ணாடிக் கதவில் கைவேலைக்கு ஆள் தேவை என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். காரைக்கால் கன்னியர் மடத்தில் எங்களுக்கு எம்பிராய்டரி சொல்லித் தந்தார்கள். தலையணை உறைக்கும் கைக்குட்டைக்கும் கார்பன் தாளில் பூ வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. பெட்டியின் அடியில் கிடந்த அந்த மாதிரித் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் முசே, அதாவது ஐயா, என்று அழைக்கும் கூடத்தின் முதலாளி அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பிளேடையும் கறுப்புத் தாளையும் கொடுத்து வட்டம் வெட்டச் சொன்னார். வெட்டினேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அந்த மாதமே பிரெஃபெக்துருக்குப் போய் ‘இல்லை’யை அடிக்க வைத்தேன். அதற்கும் நாலு காகிதம் கேட்டார்கள், அன்றைக்கு நான் சலித்துக்கொள்ளவில்லை.

3

இடப்பக்கம், நன்மை.

பாஷை தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல தொழில் கிடையாது. கடைக்குப் போனால் என் பிரெஞ்சைக் கேட்டு ரொட்டிக்காரி இரண்டு தடவை ‘என்ன?’ என்பாள். மேசையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நான் வைத்த எழுத்து நேராக இருக்கிறது அல்லது கோணலாக இருக்கிறது, அவ்வளவுதான். என் கை பேசும்போது அதில் காரைக்கால் வாடை அடிப்பதில்லை.

செய்தது கண்ணெதிரே நிற்கும். நான் அமைத்த முதல் லேபிள் ஒரு மத்தி மீன் டப்பாவுக்கு. அதற்கு மீனும் நானே வரைந்தேன், கருக்களாச்சேரிக் கரையில் வலையிலிருந்து உதறும்போது எப்படித் துள்ளுமோ அப்படி. முசே சிரித்துவிட்டார். “மதாம், இங்கே ஜனங்கள் மீனை டப்பாவுக்குள்ளேதான் பார்த்திருக்கிறார்கள். இது அவர்களைக் கடித்துவிடும்” என்றார். கொஞ்சம் அடக்கி வரைந்தேன். டப்பா கடைக்கு வந்ததும் ஐந்து வயது நத்தாலி அலமாரியில் இருந்த அத்தனை டப்பாவையும் என் மீன் முகம் தெரியும்படி திருப்பி வைத்தாள். கடைக்காரன் கத்தினான். எனக்கு அன்றைக்கு உலகத்தில் யார் மேலும் கோபம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. துலோன் கடலில் அலை கிடையாது. குளத்துக்குச் சற்றுப் பெரியது, அவ்வளவே. ஞாயிறு மாலைகளில் அதன் ஓரம் நடக்கும்போது, அரசலாறு கடலில் சேரும் இடத்தில் எழும் இரைச்சல் காதில் இல்லையே என்று ஏக்கம் பிடிக்கும். திங்கட்கிழமை மேசையில் குனிந்தால் அது விட்டுவிடும். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஊர் நினைவு வராது. நிமிரும்போது மொத்தமாகச் சேர்ந்து வரும். அதனால்தான் நான் கூடியமட்டும் நிமிராமல் வேலை செய்தேன்.

வலப்பக்கம், தீமை. இதற்கும் குறைவில்லை. கழுத்து வலிக்கும், கண் போகும், ரப்பர் பசை வாடை சோற்றிலும் அடிக்கும். பன்னிரண்டு வருஷத்தில் நான் செய்த எதிலும் என் பெயர் இல்லை. தையற்காரர்கூடச் சட்டைக் காலரில் தன் கடைப் பெயரைத் தைத்துவிடுகிறார். ஒரு வாரம் உயிரைக் கொடுத்து அமைத்ததைச் சோப்புக் கம்பெனிக்காரர் வந்து, “என் மனைவிக்குப் பச்சை பிடிக்காது” என்று ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டுப் போவார். பிடித்தாலும் என்ன, ஜனங்கள் பிரித்த கையோடு குப்பையில் போடுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். கையை நம்பிப் பிழைத்தவர்கள் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும் என்கிறார் முசே.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் படித்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எந்த வேலையிலும் இப்படிப் பத்துக் குறை எழுதலாம். டீச்சர் வேலையில் இருபது எழுதலாம். அண்ணன் மறைக்காமல் எழுதச் சொன்னாரே, அந்த வகையில் சேர வேண்டியது ஒன்று இருந்தது. அதை எழுதக் கை வரவில்லை. அதற்குப் பதிலாக அட்டை விஷயத்தை எழுதினேன்.

4

எங்கள் கடைக்குட்டித் தங்கை ரெஜினாவின் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அழுது தீர்த்துவிட்டு, அழைப்பிதழ் என் செலவு என்று எழுதினேன். மூன்று வாரம் வேலை முடிந்தபின் உட்கார்ந்து அமைத்தேன். தந்தத்தின் நிறத்தில் கனமான தாள், நிறைய வெற்றிடம், நடுவில் சின்ன எழுத்தில் இரண்டு பெயர், நாலு பக்கமும் மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. தமிழ் எழுத்தைக் கையாலேயே எழுதிக் குறைத்து வைத்தேன். முசே பார்த்துவிட்டு, “நீ செய்ததிலேயே இதுதான் நல்லது” என்று சுவரில் மாட்டினார். முந்நூறு அட்டை பார்சலில் போயிற்று.

ஊரிலிருந்து அண்ணன் எழுதினார்: ‘அட்டை கிடைத்தது. தாள் மிக உயர்ந்த ரகம். கல்யாணம் நல்லபடி நடந்தது.’ இரண்டு வருஷம் கழித்து லீவில் போனபோதுதான் ரெஜினா எனக்கு உண்மையைச் சொன்னாள்.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாதாக்கா? திருநள்ளாத்துல பெரியப்பா வீட்டுக்கு ஒன் அட்டைய போஸ்ட்மேன் குடுத்துட்டுப் போனாரு. உறைய பிரிச்சதும் நாலு பக்கமும் கறுப்புக் கட்டம். பேர யாரு படிச்சா? பெரியம்மா ஒப்பாரி வச்சிட்டாங்க. அம்மாதான் போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு, மொத பஸ்ஸ புடிச்சு மாலையோட வந்து எறங்கிட்டாங்க. கதவத் தொறந்தது யாரு தெரியுமா? கல்யாணப் பொண்ணு நான்தான்.”

அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு என்னால் முடியவில்லை. துக்கச் செய்தி என்றால் கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்பும் ஊரில் பிறந்தவள் நான். அப்பா செத்தபோது அந்த மையை என் கையால்தான் தடவினேன். இங்கேயும் துக்க அட்டைக்குக் கறுப்புப் பட்டை உண்டு. அது தடித்தது, இது மெல்லியது, ஆகவே இது அழகு என்று என் கண் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மீதி அட்டைகளை அம்மா வெளியே விடவில்லையாம். சிவப்பு மையும் ஒரு குச்சியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இருநூற்றுச் சொச்சம் அட்டையிலும் கறுப்புக் கோட்டின் மேலே சிவப்புக் கோடு இழுத்திருக்கிறது. தூரிகை என்றால் என்னவென்று அறியாத கை. எனக்கு எழுதக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கண்டிப்பான உத்தரவு. ‘புள்ள கஷ்டப்பட்டு பண்ணிருக்கு’ என்று சொன்னதாம். ரெஜினா ஒரு அட்டையைக் காட்டினாள். சிவப்புக் கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் சரியான அட்டை.

இந்தத் தொழில் ஒரு கண்ணைக் கொடுக்கிறது, கொடுக்கும்போது இருந்த கண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. வலப்பக்கத்தில் இதை எழுதி அடிக்கோடிட்டேன்.

5

எழுத வராத அந்த ஒன்று இதுதான்.

எண்பதில் கபிரியேலுக்குப் பட்டாள பென்ஷன் வந்துவிட்டது. பென்ஷன் வந்த சொல்தாக்கள் ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, காலையில் மீன் வாங்கவும் மாலையில் சீட்டு ஆடவும் போவது காரைக்காலில் வழக்கம். கபிரியேலும் அந்த நாளுக்காகவே குளிரைத் தாங்கியவர். கோயிலுக்குப் பின்னால் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார். பட்டினச்சேரியில் அவருடன் படித்த செம்படவர் ஒருவரிடம், வாரம் இரண்டு நாள் இறால் கொடுக்கும்படி இங்கிருந்தே சொல்லி வைத்திருந்தார். அம்மா எங்களுக்காக மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருந்தது.

நான் மாட்டேன் என்றேன். நத்தாலியின் படிப்பு கெடும் என்றேன். ஊருக்கும் அதையே எழுதினேன். எல்லோரும் நம்பினார்கள், படிப்பு என்றால் யாரும் மறு பேச்சுப் பேச மாட்டார்கள். உண்மை என்னவென்றால், காரைக்காலில் எனக்கு அந்த மேசை கிடையாது. ஊரில் இருந்த இரண்டு அச்சகத்திலும் பெண்பிள்ளை உட்கார நாற்காலி கிடையாது. மீன் குழம்பு வைத்து, பூசைக்குப் போய், வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து நான் நன்றாகவே இருந்திருப்பேன். அந்த ‘இல்லை’ மட்டும் திரும்ப வந்துவிடும். அதை என்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கபிரியேல் மறுபடி கேட்கவில்லை. துறைமுக வாசலில் காவல் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். அம்மா மாடி அறைக்கு வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்தது. தந்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஊருக்காக ஏங்குகிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். உரிமை இருக்கிறதோ இல்லையோ, ஏக்கம் இருக்கிறது.

6

மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தன் வீட்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடை போனுக்கு வரும்படி அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன். ஆபரேட்டர் இணைப்புக் கொடுத்தபோது இங்கே பகல் பன்னிரண்டரை. கபிரியேல் அதே அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பிலோமினா பேசுறேன்.”

“சொல்லு தங்கச்சி. நல்லாருக்கியா? மாப்பிள்ள, பாப்பா எல்லாம் சொகமா?”

“இருக்கோம்ணே. நீங்க கேட்டதுக்குத்தான் பேசுறேன்.”

தாளைக் கையில் வைத்துக்கொண்டு இடப்பக்கமும் வலப்பக்கமும் படித்துக் காட்டினேன். அவர் நடுவில் ‘ம்’ போட்டுக்கொண்டே வந்தார். அட்டை விஷயம் வந்தபோது மெல்லச் சிரித்தார்.

“இதெல்லாம் சரி தங்கச்சி. கண்ணு கெட்டா கண்ணாடி போட்டுக்கட்டும். பேரு வரலன்னா பரவால்ல, நான் எழுதுற உத்தரவுல கூட என் பேரா வருது? நான் கேக்க நெனச்சது வேற. அது எழுத வரல.”

“என்னண்ணே?”

“ஒன்ன அனுப்பிட்டு அம்மா பட்ட பாட்டப் பக்கத்துலேருந்து பாத்தவன் நான். இவ மெட்ராசுக்குப் போவா. அப்புறம் பம்பாய்ம்பா. அப்புறம் வேற எதோ நாடும்பா. டீச்சருன்னா நிரவியிலயோ திருமலைராயன்பட்டினத்துலயோ வேல பாத்துட்டு சாயந்தரம் வீட்டுக்கு வந்துடுவா. இந்தத் தொழிலு ஆள திரும்ப விடுமா? அத மட்டும் சொல்லு.”

விடும் என்று சொல்லியிருக்கலாம். நான் தொழிலுக்காக ஊரை விட்டவள் இல்லை, கல்யாணமாகிப் போனவள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். எதிரே கபிரியேல் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நாங்க ஊருக்கு வராததுக்கு நத்தாலி படிப்பு காரணம் இல்ல. அவரு வரத்தான் இருந்தாரு. நான்தான் மாட்டேன்னேன்.”

“ஏன்?”

“அங்க எனக்கு இந்த வேல இல்லண்ணே.”

“அதுக்காகவா?”

“அதுக்காகத்தான்.”

மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது எனக்குக் கேட்டது. அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பிலோமி,” என்றார். சின்ன வயதில் கூப்பிட்டது. “அம்மாவ, எங்கள, எல்லாத்தையும் விடுற அளவுக்கு நல்ல வேலையா அது?”

நன்மையும் தீமையும் எழுதிய தாள் கையில் இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை. அம்மாவின் முகம் வந்தது. மேசையும் வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் பதிலில் சந்தேகம் வரவில்லை.

“ஆமாண்ணே,” என்றேன்.

கபிரியேல் செய்தித்தாளை மடித்து மேசையில் வைத்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஆறு வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயம்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.



“அப்புடின்னா அவள நான் எப்புடி நிறுத்துறது? நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போயி சேத்துடுறேன்,” என்றார் அண்ணன். பிறகு, வைக்கப் போகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், “ஒண்ணு மட்டும் நீயே அவளுக்கு எழுதிப் போடு தங்கச்சி. போனா போவட்டும். திரும்பி வரலன்னா, ஏன் வரலன்னு நெசத்த எழுதச் சொல்லு. நாங்க அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டோம்,” என்றார்.